அனுமந்தரம் வீங்கிய ஹால்: ஒரு டவர் ஸ்பீக்கர் தேர்வு

திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, நான்காவது மாடியில் ஒரு ஃப்ளாட். ஹால் 18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ், சுற்றிலும் சிமென்ட் பூசிய செங்கல் சுவர், மேலே கான்கிரீட். ஹாலின் பின்கோடியில் டைனிங் பக்கம் நாலடி அகலத்துக்குத் திறப்பு. வீட்டுக்காரர் ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வீணை வாசிப்பவர், வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறார். மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறார். பாட்டு கேட்க மட்டும் ஒரு நல்ல ஸ்டீரியோ செட் வேண்டும், தேர்ந்தெடுத்துத் தாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். டிவியோடு இணைக்கும் உத்தேசம் இல்லை. ஸ்பீக்கருக்கு மட்டும் ஏழு லட்சம் வரை போகலாம் என்பது வீட்டில் பேசி முடிவானது.

மகன் ஏற்கனவே ஒரு முடிவோடு இருந்தார். "பட்ஜெட் இருக்கு, இடமும் இருக்கு. அப்புறம் ஏண்ணா சின்னதைப் பாக்கணும்? வரிசையில இருக்கறதுலயே பெரிய டவரை எடுத்துடலாம்" என்றார். டவர் என்பது தரையிலேயே நிற்கும் உயரமான ஸ்பீக்கர். அம்மா சொன்னது வேறு. "பெரிசு சின்னதெல்லாம் எனக்குத் தெரியாது. வீணை வீணை மாதிரி கேக்கணும்."

வேலையை அம்மா சொன்னதிலிருந்து தொடங்கினேன். லட்சக்கணக்கில் ஸ்பீக்கர் வாங்குபவர்களில் பலர் கடைக்குப் போனபிறகுதான் தங்களுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கிறார்கள். அதற்குள் கடைக்காரர் அவர்களுக்காக யோசித்து முடித்திருப்பார்.

கீழே எதுவரை வேண்டும்?

அம்மாவின் வீணை 3 கட்டை சுருதி. சாரணித் தந்தியின் ஸட்ஜம் ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ். பஞ்சமத் தந்தி 124, மந்தரம் 82, எல்லாவற்றுக்கும் அடியில் அனுமந்தரப் பஞ்சமம் 62. அந்த வீணையில் இதற்குக் கீழே அடிப்படைச் சுருதியே கிடையாது. 1 கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் 131 ஹெர்ட்ஸ், 5 கட்டைப் பெண் குரலுக்கு 196. வீட்டுக்காரர் அதிகம் கேட்பது எண்பதுகளின் திரைப்பாடல்கள். அவற்றில் ஓடும் பேஸ் கிடாரின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். மகன் கேட்கும் எலக்ட்ரானிக் இசைதான் முப்பதுகளுக்கு இறங்கும். அவரோ எப்போதாவது ஒரு சனி ஞாயிறுக்கு வந்து போகிறவர்.

ஆக 40 ஹெர்ட்ஸ் வரை சுத்தமாக இறங்கினால் இந்த வீட்டுக்குத் தாராளம். 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்று பெருமை பேசும் ஸ்பீக்கருக்கு இங்கே செய்ய வேலை இல்லை.

கவனம் வேண்டிய இடம் மேலே இருக்கிறது. தம்புராவின் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலை நகர்த்தும்போது விரியும் ஸ்வரக்கூட்டம் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும். ஸ்பீக்கருக்குள் ஒலி எழுப்பும் கூம்புக்கு டிரைவர் என்று பெயர். பெரும்பாலான ஸ்பீக்கர்களில் நடு டிரைவரும், உச்ச ஒலிகளுக்கான ட்வீட்டரும் பொறுப்பை மாற்றிக்கொள்வது 2,000 முதல் 3,500 ஹெர்ட்ஸுக்குள். தம்புராவின் கார்வை அந்த எல்லையைத் தாண்டித் தாண்டித்தான் போய்வரும். நேர் எதிரே உட்கார்ந்தால் மாற்றம் தெரியாது. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாலோ, பக்கவாட்டில் கிளம்பிய ஒலி சுவரில் பட்டு வந்து சேர்ந்தாலோ, இரு டிரைவர்களும் ஒத்துப் போகாதது நிறம் மாறுவதாகக் கேட்கும். இந்த வீட்டில் மூன்று பேர் ஒரே சோபாவில் உட்காருகிறார்கள், பக்கச் சுவர்கள் வெறும் சுவர்கள். அதனால் பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கும் ஸ்பீக்கர் என்பதை முதல் நிபந்தனையாக எழுதிக்கொண்டேன். ஆழம் இரண்டாவதாகத்தான் வந்தது.

ஹாலின் சொந்தச் சுருதி

எந்த அறைக்கும் அதன் அளவை வைத்துச் சில அதிர்வுகள் உண்டு. சென்னைச் சூட்டில், 30 டிகிரியில், ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 349 மீட்டர். அதை அறையின் நீளத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் முதல் அதிர்வு கிடைக்கும். இந்த ஹாலுக்கு நீளவாக்கில் 32 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 48, உயரவாக்கில் 57. நீளத்தின் இரண்டாவது அதிர்வு 64.

கணக்கைப் போட்டதும் வீட்டுக்காரரே பென்சிலை வாங்கி 62-ஐயும் 64-ஐயும் வட்டமிட்டார். அனுமந்தரமும் ஹாலும் ஏறக்குறைய ஒரே சுருதி.

நம் ஊர்க் கட்டடங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தச் சுவர் கனமான பேஸுக்கு, அதாவது அடி ஒலிகளுக்கு, லேசாக வளைந்து கொடுக்கும், ஒலியின் ஒரு பங்கு அதிலேயே செலவாகிவிடும். செங்கல்லும் கான்கிரீட்டும் வளையாது. உள்ளே கிளம்பிய பேஸ் உள்ளேயே சுற்றும், ஓயவும் நேரம் எடுக்கும். "இத்தனை சதுர அடிக்கு இந்த அளவு டவர்" என்று அங்கே இருக்கும் விமர்சகர்கள் சொல்வதை அப்படியே திருவான்மியூருக்குக் கொண்டுவந்தால் கணக்கு உதைக்கும். பேஸ் போதவில்லை என்ற புகாரைச் சென்னை ஃப்ளாட்டுகளில் நான் அரிதாகத்தான் கேட்கிறேன். கூடிப்போனது என்பதுதான் வழக்கமான புகார்.

இன்னொரு கணக்கும் இங்கே உதவியது. அறை எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே ஆதிக்கம் செலுத்தும் என்பதற்கு ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் தந்த சூத்திரம் உண்டு. எதிரொலி ஓயும் நேரத்தை அறையின் கன அளவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2,000-ஆல் பெருக்க வேண்டும். இந்த ஹாலின் கன அளவு சுமார் 61 கன மீட்டர். விடை 200 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. அதற்கு மேலே ஸ்பீக்கரின் குணம் பேசும், கீழே பேசுவது ஹால். பேஸ் எப்படி இருக்கிறது என்று ஷோரூமில் கேட்டுவிட்டு வாங்குகிறவர், விற்பனைக்கு இல்லாத ஷோரூமின் சுவர்களைக் கேட்டுவிட்டு வருகிறார்.

வீட்டில் கிடந்த பழைய சின்ன ஸ்பீக்கர் ஜோடியை வைத்தே முதல் அளவீட்டை எடுத்தோம். யூமிக்-1 என்ற அளவீட்டு மைக், மடிக்கணினியில் அறையின் ஒலியை அளக்கும் ஆர்.இ.டபிள்யூ மென்பொருள். அந்த மென்பொருள் இலவசம்தான். சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வரைகோட்டில் அறுபதுகளின் நடுவில் ஒரு மேடு எழுந்து நின்றது. நீளவாக்கு அதிர்வுகள் எல்லாவற்றுக்கும் சுவரோரம்தான் அழுத்தம் உச்சம், எனவே அதில் வியப்பில்லை. எத்தனை லட்சம் கொடுத்து எந்த ஸ்பீக்கரை வைத்தாலும் அந்த மேடு அங்கேதான் இருக்கும் என்பதை மகனுக்குப் புரியவைக்க இந்த ஒரு படம் போதுமாக இருந்தது.

காட்டலாக்கைப் படிக்கும் விதம்

பார்க்க வேண்டியவை என்று மூன்று வழிகளைக் குறித்தோம்.

பிரிட்டனின் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 702 எஸ்3 ஒன்று. மூன்று 165 மில்லிமீட்டர் பேஸ் டிரைவர், 150 மில்லிமீட்டர் நடு டிரைவர், பெட்டியின் தலையில் தனி உருளைக்குள் ட்வீட்டர். பிரான்சின் ஃபோக்கல் ஆரியா 936 இன்னொன்று. ஆளிச்செடி நாரில் செய்த கூம்புகள், 92 டெசிபெல் உணர்திறன், அதாவது கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு. மூன்றாவது கெஃப் ஆர் மெட்டா வரிசை. இதில் நடு டிரைவரின் மையத்திலேயே ட்வீட்டர் உட்கார்ந்திருக்கும். யூனி-க்யூ என்ற இந்த அமைப்பை கெஃப் 1988 முதல் செய்துவருகிறது. இரண்டு டிரைவர்களும் ஒரே புள்ளியிலிருந்து ஒலிப்பதால் பக்கவாட்டுச் சீர் என்ற நமது முதல் நிபந்தனைக்கு அது நேரடியான பதில்.

கொச்சியில் செய்யப்படும் ரெத்ம் ஸ்பீக்கர்களையும் வீட்டுக்காரர் கேட்டறிந்து வைத்திருந்தார். குரலையும் கருவியையும் ஒரே முழுவீச்சு டிரைவரில் கொண்டுவருவது அவர்கள் வழி. எனக்கு மதிப்புள்ள வழிதான், ஆனால் மூன்று பேர் பரவலாக உட்காரும் சோபாவுக்கு எடுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

காட்டலாக்கில் முதலில் கண்ணில் படும் எண்களுக்குப் பெரிய பயன் கிடையாது. 702 எஸ்3-இலும் ஆரியா 936-இலும் மின்தடை 8 ஓம் என்று இருக்கும். கொஞ்சம் கீழே பார்த்தால் குறைந்தபட்சம் முதலாவதற்கு 3.1, இரண்டாவதற்கு 2.8 என்று இருக்கும். கெஃப் 4 ஓம் என்றே எழுதி, குறைந்தபட்சம் 3.2 என்கிறது. ஆம்ப்ளிஃபயர் சமாளிக்க வேண்டியது இந்தக் குறைந்தபட்ச எண்ணைத்தான். மூன்றுக்கும் நல்ல மின்னோட்டம் தரக்கூடிய ஆம்ப் வேண்டும். 8 ஓம் என்று மேலே போட்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் பழைய ஏ.வி. ரிசீவரை மாட்டிவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

702 எஸ்3 ஜோடியை விற்பனையாளர் வீட்டு டெமோவுக்கு அனுப்ப ஒப்பவில்லை. ஆரியா அந்த வாரம் கையிருப்பில் இல்லை. இப்படித்தான் பல தேர்வுகள் நம் ஊரில் பாதியிலேயே முடிகின்றன. இறக்குமதிப் பொருள், வாங்கும் கூட்டம் சிறியது, டெமோ ஜோடி ஊருக்கு ஒன்று இருந்தால் பெரிது. வீட்டில் கேட்காமல் இந்த விலைக்கு வாங்குவதில்லை என்று முன்பே பேசியிருந்ததால் இரண்டையும் விட்டுவிட்டோம். அந்த ஸ்பீக்கர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மீதி இருந்தது கெஃப். அதில்தான் மகனின் கேள்விக்கு நேரடியாக விடை தேடும் வாய்ப்புக் கிடைத்தது. ஆர்7 மெட்டாவிலும் ஆர்11 மெட்டாவிலும் நடு டிரைவரும் ட்வீட்டரும் ஒரே யூனி-க்யூதான். ஆர்7-இல் 165 மில்லிமீட்டர் பேஸ் டிரைவர் இரண்டு, ஆர்11-இல் நான்கு. பெட்டி அதற்கேற்ப உயரம், விலையும் லட்சத்துக்கு மேல் கூடுதல். பெரிது எதைக் கூடுதலாகத் தருகிறது என்பதைத் தனியே பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான ஜோடி கிடைக்காது.

எண்களைப் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் தெரியும். கூட்டல் குறைத்தல் 3 டெசிபெல் எல்லைக்குள் ஆர்7 இறங்குவது 48 ஹெர்ட்ஸ் வரை, ஆர்11 இறங்குவது 46 வரை. இரண்டு ஹெர்ட்ஸ்! அறைச்சுவர் கொடுக்கும் உந்துதலில் இரண்டுமே நாற்பதைத் தாண்டி இறங்கும். உணர்திறனில்தான் நிஜமான இடைவெளி. ஆர்7 88 டெசிபெல், ஆர்11 90. பேஸ் டிரைவர் இரட்டிப்பானதால் இன்னும் உரக்க, இன்னும் சிரமமில்லாமல் ஒலிக்க முடியும். அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் உரப்புக்கான விலை. ஆழத்துக்கு என்று அதில் அதிகம் இல்லை.

ஷோரூமில் இது எப்படி ஏமாற்றும் என்று பாருங்கள். வால்யூம் திருகைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் பெரியது 2 டெசிபெல் உரக்கக் கேட்கும். 2 டெசிபெல்லைக் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று எடுத்துக்கொள்வதில்லை. 'தெளிவு கூடியிருக்கிறது, உடம்பு கூடியிருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். விற்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

திரைக்குப் பின்னால்

இரண்டு ஜோடியையும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரவழைத்தோம். ஹாலின் குறுக்கே கொடி கட்டி, மெல்லிய மல் வேட்டிகளைத் தொங்கவிட்டோம். மல் துணியில் ஒலி பெரும்பாலும் தடையின்றிக் கடந்துவிடும். வேட்டிக்குப் பின்னால் விளக்கு அணைக்கப்பட்டது. தரையில் டேப் ஒட்டிக் குறித்த ஒரே இடத்தில்தான் இரண்டு ஜோடியும் மாறி மாறி நிற்கும், ஏனென்றால் இடம் ஓரடி மாறினாலே பேஸ் மாறிவிடும். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஓட்டி, சோபாவில் மைக்கை வைத்து, இரண்டின் அளவையும் அரை டெசிபெல்லுக்குள் சமன் செய்தோம். தூக்கி மாற்ற நானும் கடைப் பையன் ஒருவரும்.

இப்படிக் கண்ணை மறைத்துக் கேட்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பல்லாண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃபிளாய்டு டூல், பின்னர் ஹார்மன் நிறுவனத்துக்குப் போய் ஷான் ஆலிவுடன் சேர்ந்து 1994-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். அந்நிறுவன ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். அவற்றில் மூன்று பெரியவை, ஒன்று சின்னஞ்சிறு பெட்டிகளும், பேஸுக்கென்றே தனிப் பெட்டியான சப்வூஃபரும் கொண்ட மலிவான சிஸ்டம். பார்த்துக்கொண்டே கேட்டபோது நிறுவனத்தின் சொந்தப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது, சின்னதற்கு இறங்கியது. திரைக்குப் பின்னால் வைத்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. அறையில் ஸ்பீக்கரின் இடத்தை மாற்றியதால் வந்த வேறுபாடு, கண் மூடிக் கேட்டவர்களுக்குத் தெரிந்தது, பார்த்துக் கேட்டவர்களுக்கு ஏறக்குறையத் தெரியவே இல்லை. ஒலி நிறுவன ஊழியர்களே இப்படி என்றால், ஏழு லட்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எம்மாத்திரம்? ஹார்மன் பிறகு ஸ்பீக்கர்களைச் சில விநாடிகளில் இடம் மாற்றும் இயந்திரமே அமைத்துக்கொண்டது. எங்களிடம் இருந்தது நான்கு கைகள். மாற்ற இரண்டு மூன்று நிமிடம் ஆனது, அதற்குள் ஒலி நினைவு மங்கத் தொடங்கும். எனவே ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டோம். வீணையும் தம்புராவும், ஒரு தனி ஆவர்த்தனம், பேஸ் கிடார் முன்நிற்கும் ஒரு திரைப்பாடல்.

மூவரும் தனித்தனித் தாளில் எழுதினார்கள். வீட்டுக்காரரின் தாளில் ஒரே ஜோடி ஒருமுறை 'நல்ல விரிவு' என்றும் அடுத்த முறை 'கொஞ்சம் மந்தம்' என்றும் இருந்தது. மகன் பெரியது என்று நினைத்துப் பாராட்டியதில் பாதி சின்னது. அம்மா தாளை அதிகம் நிரப்பவில்லை. "ரெண்டும் ஒரே கை வாசிச்ச மாதிரிதான் இருக்கு. ஆனா ரெண்டுலயும் அனுமந்தரம் வீங்குது" என்றார். யூனி-க்யூ இரண்டிலும் ஒன்று என்பதோ, 64 ஹெர்ட்ஸ் மேடு என்பதோ அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை. கணவரின் பென்சில் வட்டத்தையும் அவர் பார்க்கவில்லை.

பிறகு மகன் கேட்டுக்கொண்டதால் வால்யூமை நன்றாக ஏற்றி எலக்ட்ரானிக் இசையைப் போட்டோம். அங்கே வேறுபாடு வந்தது. சோபாவில் 90 டெசிபெல்லைத் தாண்டியபோது பெரிய ஜோடியில் கிக் டிரம் அலுங்காமல் நின்றது, சின்ன ஜோடியில் சற்றே இறுக்கம் தெரிந்தது. மகன் அதைச் சரியாகவே பிடித்தார். ஆனால் அந்தச் சத்தத்தில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போயிருந்தார், கீழ்வீட்டிலிருந்து ஃபோனும் வந்துவிட்டது.

ஒரு வீடு, ஒரு நாள், மூன்று பேர். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். இந்த வீட்டுக்கு முடிவெடுக்கப் போதுமானது, அவ்வளவே. பெரிய ஜோடிக்கு நியாயமாகச் சேர வேண்டிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பேஸ் டிரைவர்கள் மேலும் கீழுமாகப் பல உயரங்களில் பரவியிருப்பதால், டைல்ஸ் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி ஒரே அதிர்வெண்ணில் குழி வெட்டாமல் பல இடங்களில் கரைந்துபோகும். முப்பது அடி ஹாலும் தனி வீடும் இருந்தால் நானே ஆர்11-ஐத்தான் சொல்லியிருப்பேன்.

சப்வூஃபர் வழி

இரண்டு ஜோடியையும் விட்டுவிட்டு, அதே வரிசையின் ஸ்டாண்டில் நிற்கும் ஆர்3 மெட்டாவும் இரண்டு சிறிய சப்வூஃபரும் என்று போயிருக்கலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதுதான் மேல் என்பது என் கருத்து. குரல் துல்லியமாக அமைய வேண்டிய இடம் வேறு, பேஸ் சீராக அமைய வேண்டிய இடம் வேறு. டவர் ஸ்பீக்கர் இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டிவிடுகிறது. சப்வூஃபரைத் தனியே நகர்த்தலாம். அம்மாவிடம் சொன்னபோது, "ஏற்கனவே வீணை ரெண்டு தரையில இருக்கு, பிள்ளைங்க வந்து உக்காரணும். இன்னும் நாலு பெட்டி, வயர் எல்லாம் வேண்டாம்பா" என்றார். வீட்டில் வாழ்பவர் சொன்ன பிறகு அதில் வாதாட என்ன இருக்கிறது?

எனவே ஆர்7 மெட்டா. மிச்சமான லட்சத்துச் சொச்சம் ஹாலுக்கும் ஆம்புக்கும் என்று பிரித்தோம்.

எத்தனை வாட்?

இதை விரைவாக முடித்துவிடலாம். 88 டெசிபெல் என்பது 2.83 வோல்ட்டுக்கு, ஒரு மீட்டரில். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 2 வாட். மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 11 டெசிபெல் குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்வதாலும் அறையின் எதிரொலியாலும் ஆறு திரும்பக் கிடைக்கும் என்று வைத்தால், 2 வாட்டுக்கு 83 டெசிபெல். இவர்கள் கேட்கும் சராசரி 75. மிருதங்கத்தின் ஓங்கிய அடிக்கு அதற்கு மேல் 20 விட்டால் 95. அதற்குத் தேவை ஒரு பக்கத்துக்கு 32 வாட். மூன்று மடங்கு தாராளம் வைத்தாலும் 100 வாட் போதும். 4 ஓமில் திணறாத ஆம்ப், கூடவே அறையின் மேடு பள்ளத்தை அளந்து சரிசெய்யும் டிராக் லைவ் மென்பொருள். நாட் நிறுவனத்தின் எம்10 ஆம்பில் இரண்டும் இருந்தன, அதையே எடுத்தார்கள்.

கேபிளுக்குத் தனியே பணம் ஒதுக்க வேண்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர், நான்கு மீட்டர் ஓட்டம். போகவர மொத்தத் தடை 0.055 ஓம். ரயில்வேக்காரர், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

சோபாவை நகர்த்துதல்

இந்த வேலையில் அதிக வாக்குவாதம் நடந்தது ஸ்பீக்கரைப் பற்றியல்ல, சோபாவைப் பற்றி. பின்சுவரிலிருந்து மூன்றரை அடி முன்னே இழுக்க வேண்டும் என்றேன். "ஹால் நடுவுலயா சோபாவைப் போடறது? வர்றவங்க என்ன நினைப்பாங்க சார்?" என்றார் வீட்டுக்காரர். கணக்கைக் காட்டினேன். 64 ஹெர்ட்ஸ் அதிர்வு சுவரில் உச்சத்தில் இருக்கும், அறை நீளத்தில் நாலில் ஒரு பங்கு உள்ளே வந்தால் முற்றிலும் வற்றும். 18 அடியில் அது நாலரை அடி. மூன்றரை அடியிலேயே கணக்குப்படி 9 டெசிபெல் இறங்கிவிடும். பைசா செலவில்லாத 9 டெசிபெல். சோபாவுக்குப் பின்னால் படுக்கையறைக்குப் போகும் வழி அமையும், அங்கே புத்தக அலமாரியும் வரும் என்று சொன்னபோது வீட்டம்மா சரி என்றார். அதோடு முடிந்தது.

ஸ்பீக்கர்கள் குறுகிய சுவரின் பக்கம், எட்டடி இடைவெளியில், இரண்டு பக்கச் சுவருக்கும் சம தூரத்தில். இப்படிச் சமமாக வைத்தால் அகலவாக்கின் 48 ஹெர்ட்ஸை இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராகத் தூண்டி அடக்கிவிடும், குறைந்தபட்சம் பேஸ் இரண்டு பக்கமும் ஒன்றாகப் பதிவான இசையில். முன்சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கும் வீணையே வழி காட்டியது. சுவரில் பட்டுத் திரும்பும் பேஸ், நேரே வருவதோடு மோதி ஓரிடத்தில் குழி வெட்டும். டிரைவரிலிருந்து சுவர் 60 சென்டிமீட்டர் என்றால் குழி 145 ஹெர்ட்ஸில் விழும், ஒரு மீட்டர் என்றால் 87-இல், மந்தரத் தந்திக்குப் பக்கத்தில். 80 சென்டிமீட்டரில் அது 109-க்கு வருகிறது. பஞ்சமத்துக்கும் மந்தரத்துக்கும் நடுவில், எந்தத் தந்தியும் நேரே நிற்காத இடம். குழி என்பது ஊசிமுனை அல்ல, இருபுறமும் பரவத்தான் செய்யும். இருந்தாலும் மூன்று இடத்திலும் வைத்துக் கேட்டதில் அம்மா 80-ஐத்தான் தேர்ந்தெடுத்தார்.

அடுத்தது தரை. வீட்டில் நல்ல பவானி ஜமுக்காளம் இருந்தது, அதை விரிக்கலாமா என்று கேட்டார்கள். மெல்லிய பருத்தி நெசவு டைல்ஸ் மேல் கிடந்தால் உச்ச அதிர்வெண்களை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும், நடுப்பகுதியைத் தொடாது. கனமான கம்பளி விரிப்பு, அடியில் தடித்த ஃபெல்ட், அதன் மேல் வேண்டுமானால் ஜமுக்காளம் என்று ஏற்பாடு ஆனது. பக்கச் சுவர்களில் முதல் எதிரொலி படும் இடங்களில் நான்கு அங்குலக் கண்ணாடிக் கம்பளிப் பலகைகள், பழைய பட்டுப்புடவை நிறத்தில் துணி போர்த்தி. கைதட்டினால் முன்பு 'டிர்ர்' என்று ஓடிய எதிரொலி அடங்கிவிட்டது. கேட்க உட்காரும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏசியை மட்டும் போடுவது என்றும் பழக்கப்படுத்திக்கொண்டார்கள். தம்புராவின் ஓயும் கார்வை விசிறிச் சத்தத்தில்தான் முதலில் கரையும்.

இதெல்லாம் முடிந்த பிறகே டிராக் லைவை ஓட்டினோம், அதையும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். அறுபதுகளில் மிஞ்சியிருந்த சின்ன மேட்டை அது செதுக்கியது. 109-இல் இருந்த குழியை நிரப்ப விடவில்லை. எதிரொலி வெட்டிய குழியில் எத்தனை வாட் கொட்டினாலும் அதே அளவு எதிரொலியும் கிளம்பிவந்து வெட்டிவிடும். ஆம்ப் சூடாவது மட்டும் மிச்சம்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. அந்த வீட்டில் தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டிகள் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை, கீழ்விளிம்பில் ஈரம் ஏறினால் ஊதிவிடும். அதனால் முள்ளாணிக் கால்களை மாட்டி, டைல்ஸ் கீறாமல் அடியில் தட்டு வைத்து உயர்த்தினோம். தட்டு வந்துசேரும் வரை ஒரு ரூபாய் நாணயம்தான் இருந்தது, அதுவும் குறையில்லாமல் வேலை செய்தது. கடற்காற்றுக்கு ஸ்பீக்கர் முனைகளில் பச்சை பூக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கடைசி அளவீட்டில் சோபாவின் நடு இருக்கையில் பேஸ் சீராக இருக்கிறது. ஓர இருக்கைகளில் அகலவாக்கின் அதிர்வு இன்னும் கொஞ்சம் தலைகாட்டுகிறது, டைனிங் பக்கத்து ஓரத்தில் குறைவு, மறு ஓரத்தில் கூடுதல். வீட்டுக்காரர் அந்த மறு ஓரத்தை மகனுக்கு ஒதுக்கிவிட்டார், பேஸ் வேண்டும் என்று கேட்டவர் அவர்தானே. அம்மா வீணைப் பதிவை முழுதாகக் கேட்டுவிட்டு, அனுமந்தரம் இப்போது தந்தியாகக் கேட்கிறது என்றும், அந்தப் பதிவில் தாளத் தந்தி சுருதி இறங்கியிருக்கிறது என்றும் சொன்னார். இரண்டாவதற்கு நான் பொறுப்பில்லை.